புத்தளக் கரையும் மலைக் குளிரும்

உப்பளங்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த புத்தளக் கரையில் வாழ்வோருக்குக் கம்பளி ஆடை வேண்டுவதில்லை. ஆயினும் அக்கரையிலிருந்து குளிர் மலையொன்றுக்குச் சென்ற பழைய யாத்திரை வழி வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. சைவர் சிவனொளிபாதம் என்றும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும், பௌத்தர் சிறீபாதம் என்றும் போற்றும் மலையே அது. அதன் உயரம் 2,243 மீற்றர்.

1344 ஆம் ஆண்டில், மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்ட மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதாவைக் காற்று இலங்கைக் கரையில் சேர்த்தது. அவர் பத்தாளா என்று குறித்த பட்டினம் புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அங்கே அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி, முத்துக்குளிப்பில் கிடைத்த முத்துக்களைக் காட்டி, வேண்டியதைக் கேட்குமாறு கூறினான். ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்பதே விருந்தினரின் விருப்பம். அரசன் பல்லக்கும், வழித்துணையாக யோகியரையும் பிராமணரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் கொடுத்தனுப்பினான்.

மலையின் செங்குத்தான பகுதியில், பாறையில் வெட்டிய படிகளையும், முளையடித்துத் தொங்கவிட்ட பத்து இரும்புச் சங்கிலிகளையும் அவர் கண்டார். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கு நின்று கீழே நோக்குவோர், விழுந்துவிடுவோமோ என்று அஞ்சிக் கலிமாவை ஓதுவராம். அவ்விடத்தில் மனிதனின் உயிர் அவன் கைப்பிடியில் இருந்தது.

ஆதலால் கையின் வெப்பம் அற்ப விடயமன்று. ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். கடற்கரைக்கும் சிகரத்துக்கும் உள்ள வேறுபாடு 14 பாகைக்கு மேலாகும். காற்றும் பனியீரமும் சேர்ந்தால் குளிர் இன்னும் உறைக்கும். அப்போது உடல், இருதயம் முதலிய உள்ளுறுப்புகளைக் காக்கும்பொருட்டுக் கைகால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கிறது. விரல்கள் முதலில் மரத்துப்போகின்றன. மரத்த விரல் பற்றியதை உறுதியாய்ப் பிடிக்கமாட்டாது. இரும்போ கையின் சூட்டை விரைந்து இழுத்துக்கொள்ளும்.

இதற்கு ஏற்ற காப்பு மெல்லிய கம்பளிக் கையுறை. மெரினோ ஆட்டின் நுண்மயிர் மனிதத் தலைமயிரின் நான்கிலொரு பங்கு பருமனே உடையது. ஆதலால் உடலை உறுத்தாது. தன் எடையில் மூன்றிலொரு பங்களவு ஈரத்தை உள்வாங்கியும் நனைந்த உணர்வைத் தராது. அதனை உள்ளே அணிந்து, மேலே காற்றும் மழையும் புகாத மற்றொரு கையுறையை அணிவது குளிர் நாட்டார் வழக்கம். நுண்ணிய வேலை வரும்போது மேலுறையை மட்டும் கழற்றலாம், கை வெறுமையாகாது.

இவ்விடத்தில் வியப்பானதொரு தொடர்பு உண்டு. இப்னு பதூதாவின் பயண வரலாறு, மொரோக்கோவை ஆண்ட மரீனிது வமிசத்து அரசர் அபூ இனானின் கட்டளையால் 1355 ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பட்டது. அந்த வமிசத்தின் பெயரிலிருந்தே மெரினோ என்னும் சொல் பிறந்தது என்று கருதுவோர் உளர். வேறு விளக்கம் கூறுவோரும் உளர். ஸ்பானிய மன்னர் நெடுங்காலம் நாட்டைவிட்டுப் போகவிடாது காத்த அவ்வாடுகள், 1797 ஆம் ஆண்டில் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஆஸ்திரேலியாவை அடைந்தன. அதன் பின்னரே அக்கம்பளி உலகெங்கும் பெருகியது.

இக்காலத்தில் டிசம்பர்ப் பூரணை முதல் வெசாக் பூரணை வரை யாத்திரிகர் இரவிலே மலையேறிச் சூரியோதயத்தைத் தரிசிக்கின்றனர். படிகளும் கைப்பிடிக் கம்பிகளும் வழியை எளிதாக்கியுள்ளன. ஆயினும் விடியற்காலக் குளிர் மாறவில்லை. வெப்பக் கரையிலிருந்து செல்வோர் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உணவு கட்டிக்கொள்ள மறப்பதில்லை. அவர்களுடைய கைகளுக்கும் ஒரு காப்பை மூட்டையில் வைத்துக்கொள்வாராயின், யாத்திரை இனிதே நிறைவுறும்.