பழைய மோசடி, புதிய வலை

தர்மபுரி மாவட்டத்தில் படிப்பை முடிக்கும் இளைஞர்களில் பலர் வேலை தேடிச் செல்வது ஓசூருக்கும் பெங்களூருக்கும்தான். "வேலை உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று செல்பேசியில் வரும் செய்தி இவர்களைக் குறிவைத்தே வருகிறது. இணையம் வந்த பிறகு முளைத்த மோசடி இது என்று நினைத்தால் தவறு. இதன் வயது நூறைத் தாண்டிவிட்டது!

19-ஆம் நூற்றாண்டில் 'ஸ்பானியக் கைதி' என்ற கடித மோசடி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உலவியது. ஸ்பெயின் சிறையில் ஒரு செல்வந்தர் வாடுகிறாராம். அவரை மீட்கப் பணம் அனுப்பினால் புதையலில் பங்காம்! 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே கதை நைஜீரியக் கடிதமாகி, ஃபேக்ஸ் வழியாக மின்னஞ்சலுக்கு வந்தது. அந்நாட்டுக் குற்றவியல் சட்டப் பிரிவின் எண்ணால் '419' என்ற பெயரும் பெற்றது.

தமிழகமும் தப்பவில்லை. 1990-களில் அதிக வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் பல மூழ்கின. முதலீட்டாளர்களைக் காக்க 1997-இல் தனிச் சட்டமே வந்தது. அப்படியும் 2012-இல் பெருந்துறை ஈமு கோழித் திட்டங்களில் மக்கள் பணத்தை இழந்தார்கள். சட்டம் வந்தது, ஆசை போகவில்லை.

இணையத்துக்கென தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் வந்தது. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் மூன்றாண்டு வரை சிறை என்னும் 66டி பிரிவு 2009-இல் நடைமுறைக்கு வந்தது. 2016-இல் யுபிஐ வந்தபின் பணம் நொடியில் கைமாறுகிறது. திருடனுக்கும் அதே வேகம்தான்!

மாணவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்பார்கள். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியே போகும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரைத்தான். ஏமாந்தவன் பணத்தை இழக்கிறான். கணக்கைக் கொடுத்தவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான்.

2021-இல் 155260 என்று தொடங்கிய உதவி எண் இப்போது 1930. உடனே அழைத்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் வங்கியால் முடக்க முடியும். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

பணம் பெறுவதற்கு ரகசிய பின் எண் தேவையில்லை. வேலை தருபவர் சம்பளம் கொடுப்பார், பணம் கேட்கமாட்டார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். இணையத்தில் போடுவதற்கு முன் ஆளையும் அளக்க வேண்டும் நண்பர்களே!