செஞ்சிமலையும் சேர்வராயன் காப்பியும்: மண்ணுக்குள் ஒரு கணக்கு

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் ராஜா தேசிங்கும் அவருடைய குதிரையும்தான் நினைவுக்கு வரும். 1677-ல் சிவாஜி பிடித்தார், 1690 முதல் 1698 வரை மொகலாயர் முற்றுகை, 1714-ல் தேசிங்கு போரில் இறந்தார், 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்... கோட்டை வரலாறு இப்படிக் கைமாறிய கணக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. மலையின் மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

ராஜகிரி உச்சியில் நின்று பார்த்தால் பாறை மேல் பாறை, நடுவே முட்புதர். கீழே நெல்லும் மல்லாட்டையும். கருங்கல் பாறைகள் இயற்கையாக அமைந்தவை, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் மண் அப்படியல்ல. மரமும் புல்லும் பிடித்து வைக்காவிட்டால் ஒரு ஐப்பசி மழை போதும், அது செஞ்சி ஆற்றோடு, அதாவது சங்கராபரணியோடு, இறங்கிப் போய்விடும்.

அப்படிப் போவது வெறும் மண் அல்ல. விழுந்த இலையும் செத்த வேரும் மக்கி மண்ணோடு கலந்திருக்கும். அந்த மக்கில் பாதிக்கு மேல் கரிமம்தான். உலகெங்கும் மண்ணின் மேல் ஒரு மீட்டருக்குள் சுமார் 1,500 பில்லியன் டன் கரிமம் இருக்கிறது என்கிறார்கள். நம் தலைக்கு மேல் காற்றில் இருப்பதைவிட இது மிக அதிகம். வங்கிக் கணக்கு மாதிரிதான்: இலை விழுவது வரவு, நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக விடுவது செலவு. நம் ஊர் வெயிலில் செலவு வேகமாக நடக்கும். அடிக்கடி உழுதால் இன்னும் வேகம். ஆகவே வரவு நிற்காமல் வரவேண்டும். மரம் அங்கேதான் உதவுகிறது.

மலைவாசிகளுக்கு இது தெரியாத விஷயமல்ல. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனம் என்று பள்ளியில் படித்திருக்கிறோமே, அந்தப் புனம்தான். ஒரு சரிவை வெட்டி எரித்து, சில ஆண்டு தினையோ சாமையோ விதைத்து, பிறகு காட்டுக்கே விட்டுவிடுவார்கள். நிலம் ஓய்வெடுக்கும், மண் மீண்டும் ஊறும். 1882-ல் சென்னை வனச்சட்டம் வந்தது. காடுகள் காப்புக்காடுகளாயின. இருக்கும் இடம் சுருங்கினால் ஓய்வுக்காலமும் சுருங்கத்தானே செய்யும்? மலை மக்கள் காட்டை அழிக்கிறார்கள் என்று அதிகாரிகள் எழுதிய கோப்புகளில் இந்தப் பாதி அநேகமாக இருக்காது.

இதற்கிடையே வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களும் மலையேறினார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பிறகு தென்னிந்திய மலைகளில் பல இடங்களில் காட்டை மொட்டையடித்து, நிழலே இல்லாமல் காப்பி நட்டார்கள். முதல் சில ஆண்டுகள் அமோகம். காடு நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த முதலைச் சாப்பிட்டதை லாபம் என்று எழுதிக்கொண்டார்கள்! (எந்தக் கணக்குத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ளமாட்டார்.)

1860-களில் குடகு, வயநாடு தோட்டங்களைத் தண்டு துளைப்பான் வண்டு பதம் பார்த்தது. சென்னை அரசு ஜார்ஜ் பிடி என்ற மருத்துவரை விசாரிக்க அனுப்பியது. பின்னாளில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்தவர் அவர். 1869-ல் அவர் தந்த அறிக்கையின் சாரம் எளிது: வெயிலில் காயும் செடியைத்தான் வண்டு அதிகம் தேடி வருகிறது, நிழல்மரம் வையுங்கள். அதே 1869-ல் இலங்கையில் காப்பி இலைத்துரு நோய் தலைகாட்டியது. அங்கே காப்பி போய்த் தேயிலை வந்தது. அந்தத் தேயிலைக்கு உழைக்கப் போனவர்கள் நம் தமிழர்கள்.

இங்கே நிழல்மரம் நிலைத்தது. இன்றைக்கு ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற, அதன் கீழே காப்பி. சில்வர் ஓக்கின் தாயகம் ஆஸ்திரேலியா. அது நேராக வளரும், விலையும் போகும். அதனாலேயே பல இடங்களில் பலாவும் அத்தியும் இருந்த கலப்பு நிழலை அது தள்ளிவிட்டது. கலப்புக் காட்டின் மண்ணுக்கு இது ஈடாகாது. வெட்டவெளித் தோட்டத்துக்கு இது எவ்வளவோ மேல்.

சமவெளிக்கும் மரம் தேவை என்றவர் வோல்க்கர். இந்திய விவசாயத்தைச் சுற்றிப் பார்த்து 1893-ல் அவர் அறிக்கை எழுதினார். விறகு கிடைக்காததால்தான் உழவன் சாணத்தை வறட்டியாக எரிக்கிறான், விறகுக்கென மரம் வளர்த்தால் சாணம் வயலுக்குத் திரும்பும் என்றார். செஞ்சிப் பக்கத்துக்கும் இது பொருந்தும்.

ஆனால் மரத்தை யார் வைப்பார்கள்? 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு அறிவித்த மலைப்பகுதிகளில் சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். காட்டைக் காக்க வந்த சட்டம்தான், தேவையும்கூட. ஆனால் நட்டவனுக்கே வெட்ட உரிமை நிச்சயமில்லை என்றால், சின்ன விவசாயி கன்று வைக்கத் தயங்குவான். 2014-ல் மத்திய அரசு தேசிய வேளாண்காடு கொள்கை கொண்டுவந்தபோது, வெட்டுவதற்கும் கொண்டுபோவதற்குமான விதிகளைத் தளர்த்தச் சொன்னது இதற்காகத்தான். தேசிய அளவில் இப்படி ஒரு கொள்கை வகுத்த முதல் நாடு இந்தியா. விதிகளை மாற்றவேண்டியவை மாநிலங்கள். காப்பித் தோட்ட முதலாளி இருபது வருடம் காத்திருப்பார். கல்வராயன் மலையில் இரண்டு ஏக்கர் சாமைக்காடு வைத்திருப்பவருக்கு அடுத்த தை மாதமே பணம் வேண்டும்.