பார் பெர்மிட் அரசியல் (கிளிநொச்சி, 2024)

மதுபானசாலை அனுமதிப்பத்திரங்கள் அரசியல் ஆதரவுக்குக் கைமாறாக வழங்கப்பட்டதாக 2024இல் இலங்கையில் எழுந்த சர்ச்சையே 'பார் பெர்மிட்' விவகாரம். வட மாகாணத்தில் அதிகம் அடிபட்ட பெயர் கிளிநொச்சி. அவ்வாண்டு டிசம்பரில் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க நாடாளுமன்றத்தில் முன்வைத்த பட்டியலின்படி நாடு முழுவதும் 360க்கு மேற்பட்ட அனுமதிகள் வழங்கப்பட்டிருந்தன. கிளிநொச்சிக்கு மட்டும் 16. 2012 குடிசன மதிப்பீட்டில் அம்மாவட்டத்தின் சனத்தொகை 113,510. போரில் வீடும் தொழிலும் இழந்து மீளக்குடியேறிய சனத்துக்கு இத்தனை சாராயக்கடை எதற்கு என்ற கேள்விக்கு எவரும் நேரான பதில் தரவில்லை.

அனுமதியை வழங்குவது நிதியமைச்சின் கீழுள்ள மதுவரித் திணைக்களம். அப்போது நிதியமைச்சராகவும் இருந்தவர் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க. பெர்மிட் இலகுவில் கிடைக்காது என்பதால் அதுவே ஒரு சொத்து. பெற்றவர் கடை நடத்த வேண்டியதில்லை. முதலுள்ள ஒருவரிடம் பெருந்தொகைக்கு விட்டுவிட்டால் போதும். திறைசேரியிலிருந்து ஒரு ரூபாகூடப் போகாமல் ஒருவரைப் பணக்காரராக்கலாம். சிபாரிசு செய்ததாகப் பேச்சு அடிபட்ட தமிழ் அரசியல்வாதிகள் பலர் மறுத்தனர். ஆனால் வட மாகாண முன்னாள் முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரன் தாம் ஒருவருக்குச் சிபாரிசு செய்ததை ஒத்துக்கொண்டார்.

சாராயத்துக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு இங்கு பழையது. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு ஏலம் விட்டனர். அதில் சேர்ந்த முதலே இலங்கையின் உள்ளூர்ச் செல்வந்தர் வர்க்கத்தை உருவாக்கியது என ஆய்வாளர் குமாரி ஜெயவர்த்தன ஆராய்ந்து எழுதியுள்ளார். அன்று குத்தகைக்காரர் குடும்பங்கள் செல்வத்தைக் கொண்டு செல்வாக்கைத் தேடின. இன்று செல்வாக்குள்ளவர்கள் பெர்மிட்டைத் தேடுகிறார்கள்.

அரசியல் ஆதரவுக்குக் கைமாறு என்ற குற்றச்சாட்டு கிளிநொச்சி அடங்கும் வன்னிப் பகுதியில் புதிதுமல்ல. வரவுசெலவுத் திட்டத்தை ஆதரித்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினர்கள் தலா 2 கோடி ரூபா பெற்றதாக 2018இல் வன்னி மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் சிவசக்தி ஆனந்தன் குற்றஞ்சாட்டினார். அது அபிவிருத்தி நிதி என்றது கூட்டமைப்பு.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளரின் செலவுக்கு வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. சிபாரிசுக் கடிதத்தின் பெறுமதி இந்தக் கணக்கில் ஏறாது. டிசம்பர்ப் பட்டியலிலும் சிபாரிசு செய்தவர்களின் பெயர்கள் இல்லை. அவை வெளிவராதவரை இவ்விவகாரத்தில் பாதிதான் தெரியவந்திருக்கிறது.