சாபத்தீடு யார்மேல்?

'சாபத்தீடு' என்ற சொல்லைப் பழைய தமிழ் பைபிளில், யோசுவா புத்தகத்தில் முதன்முதலாகப் படித்தபோது ஏதோ தீட்டு சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன். எபிரேயத்தில் ஹேரெம். அரபியின் ஹராம் இதற்கு உறவுச்சொல். விஷயம் என்னன்னா, லேவியராகமம் 27 இதே ஹேரெமை மகா பரிசுத்தம் என்கிறது. கடவுளுக்கென்று இப்படி நேர்ந்துவிட்டதை விற்க முடியாது, மீட்க முடியாது. மனுஷனாக இருந்தால் கொன்றாக வேண்டும். புனிதமும் சாபமும் ஒரே பொருள்மேல் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இது இஸ்ரவேலரின் தனிச்சொத்து அல்ல. 1868இல் திபானில் கிடைத்த, கி.மு. 9ஆம் நூற்றாண்டின் மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டிலும் இதே வினைச்சொல் இருக்கிறது. நேபோ ஊரைப் பிடித்து 7000 பேரை அஷ்தார்-காமோஸுக்கு ஹேரெம் ஆக்கினானாம். செத்தது இந்தமுறை இஸ்ரவேலர்.

எரிகோவில் 1952 முதல் 1958 வரை தோண்டிய காத்லீன் கென்யனுக்கு, யோசுவாவின் காலம் என்று சொல்லப்படுகிற அடுக்கில் இடிந்து விழுவதற்கு மதிலே அகப்படவில்லை. 'அப்பாடா, நடக்காத கொலை' என்று நண்பர்கள் சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. நடக்காத படுகொலையை எதுக்கு எழுதி வைக்கணும்? இப்பிரதி பெருமளவு உருப்பெற்றது கி.மு. 7ஆம் நூற்றாண்டில், யோசியா ராஜா எருசலேமை ஒரே வழிபாட்டு மையமாக்கிய நாட்களில் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்போது அழிப்பதற்குக் கானானியருக்கு எங்கே போவது? எதிரி உள்ளேதான் இருந்தாக வேண்டும்.

அப்படி வாசித்தால் கதை வேறாகத் தெரிகிறது. எரிகோவின் வேசி ராகாப் குடும்பத்தோடு பிழைத்து இஸ்ரவேலுக்குள் குடியேறுகிறாள். யூதா கோத்திரத்து ஆகானோ ஒரு சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் பொன்பாளம் எடுத்துக் கூடாரத்தில் புதைத்ததற்காகக் கோத்திரம், வம்சம், வீடு என்று ஒவ்வொன்றாகச் சலித்துப் பிடிக்கப்படுகிறான். ஆகோர் பள்ளத்தாக்கில் கல்லெறி, நெருப்பு. மகன்கள், மகள்கள், மாடு, கழுதை எல்லாம் கூடவே. அந்தப் பெண்பிள்ளைகள் எதை எடுத்தார்கள்? பிரதி வாயே திறப்பதில்லை. எரிகோவின் வெள்ளியும் பொன்னும் மட்டும் எரியாமல் யாவேயின் கருவூலத்துக்குப் போகின்றன என்பதைக் கவனமாகச் சொல்லிவிடுகிறது.

பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் சொந்த ராஜாவும் இல்லை, படையும் இல்லை. அந்நிய மனைவியரைத் தள்ளிவிடுவதற்காகக் கூட்டிய கூட்டத்துக்கு மூன்று நாளில் வராதவனின் சொத்து ஹேரெம், அவன் சபைக்குப் புறம்பு என்கிறது எஸ்றா 10. கத்தி போய் ஊர்விலக்கு வந்தது. 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் 23 வயது ஸ்பினோசாமேல் போட்டதும் இதே ஹேரெம்தான். யாரும் அவரோடு பேசக்கூடாது, நாலு முழத்துக்குள் நெருங்கக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது. அதுவரை அவர் ஒரு புத்தகம்கூட வெளியிட்டிருக்கவில்லை.