கட்டைவிரல் தோத்த கதை: போன் ஸ்கிரீன் எப்படி இவ்வளவு பெருசாச்சு?

இன்னிக்கு எபிசோடை எங்க அம்மாகிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் அம்மாவுக்கு ஒரு புது போன் வாங்கிக் கொடுத்தேன். 6.7 இன்ச். "எழுத்தே தெரிய மாட்டேங்குதுடா"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. அதனால கடையில இருந்ததிலேயே பெருசாப் பார்த்து வாங்கினேன். மூணு மாசத்துல ரெண்டு தடவை கீழே விழுந்துடுச்சு. பஸ்ல நின்னுட்டு வரும்போது கால் வந்தா எடுக்கவே மாட்டாங்க. ஏம்மான்னு கேட்டா, "ஒரு கையில கம்பியைப் பிடிச்சிருக்கேன், இன்னொரு கையில இதை எப்படிப் பிடிக்கிறது? என் கை சின்னக் கைடா"ன்னாங்க.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்துச்சு. போன் பெருசுன்னு அவங்க சொல்லல. தன் கை சின்னதுன்னு சொல்றாங்க. தப்பு தன் மேலதான்னு நினைக்கிறாங்க. சரி, இந்த அளவை யாரு, எப்போ, எதுக்காக முடிவு பண்ணாங்க? அதுதான் இன்னிக்குக் கதை.

சட்டைப்பையில் ஒரு மரக்கட்டை

கதை ஒரு மரக்கட்டையில ஆரம்பிக்குது. 1990-களின் நடுவில், அமெரிக்காவில் ஜெஃப் ஹாக்கின்ஸ்னு ஒரு எஞ்சினியர். பாம் கம்பெனியை ஆரம்பிச்சவர். கையில வெச்சுக்கிற ஒரு குட்டி கம்ப்யூட்டர் செய்யணும்னு அவருக்கு ஆசை. நம்மளா இருந்தா முதல்ல எந்த சிப், எவ்வளவு மெமரின்னு உட்கார்ந்து யோசிச்சிருப்போம். அவர் என்ன செஞ்சார்னா, தன் சட்டைப்பைக்குள்ள போற அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து, அதைப் பையில போட்டுக்கிட்டே திரிஞ்சார். யாராவது ஒரு தேதியைப் பத்திப் பேசினா, கட்டையை வெளியே எடுத்து, ஒரு குச்சியால அது மேல தட்டி, காலண்டர் பார்க்கிற மாதிரியே நடிப்பார்.

பார்க்கிறவங்களுக்குச் சிரிப்பா இருந்திருக்கும். ஆனா அவர் டெஸ்ட் பண்ணது ரொம்ப அடிப்படையான ஒரு விஷயம்: இதை ஒரு மனுஷன் நாள் முழுக்கத் தூக்கிட்டுத் திரிவானா? அப்படிப் பிறந்ததுதான் 1996-ல் கடைக்கு வந்த பைலட். அங்கே உடம்பு முதல்ல, டெக்னாலஜி அப்புறம்.

மூன்றரை இன்ச் பிடிவாதம்

2007 ஜனவரி 9. ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில முதல் ஐபோனைக் காட்டுறார். ஸ்கிரீன் 3.5 இன்ச். இன்னிக்குக் கேட்டா பொம்மை போன் மாதிரி தோணும். பாதி இடத்தை பட்டனே அடைச்சுக்கிட்டிருந்த காலத்துல, அது பெரிய ஸ்கிரீன்!

அதுக்கப்புறம் 2011-ல் வந்த 4எஸ் வரைக்கும், மொத்தம் அஞ்சு மாடல். எல்லாமே அதே 3.5 இன்ச். 2010-ல் ஐபோன் 4 வந்தப்போ பிக்சல் எண்ணிக்கையை நாலு மடங்கு ஆக்கினாங்க, ஆனா ஸ்கிரீன் அளவைத் தொடல. அதே வருஷம் ஜூலையில ஒரு பத்திரிகையாளர் சந்திப்புல பெரிய ஆண்ட்ராய்டு போன்கள் பத்திப் பேச்சு வந்தப்போ, அதையெல்லாம் கையால சுத்திப் பிடிக்கவே முடியாது, யாரும் வாங்க மாட்டாங்கங்கிற மாதிரி ஜாப்ஸ் சொன்னார்.

2012-ல் ஐபோன் 5 நாலு இன்ச் ஆச்சு. அப்பவும் அகலம் அதே 58.6 மில்லிமீட்டர்தான். உயரத்துல மட்டும் கூட்டினாங்க. அதுக்கு எடுத்த விளம்பரத்தோட ஹீரோவே கட்டைவிரல்தான். விரல் ஸ்கிரீன்ல இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போய் வரும், அதனாலதான் இந்த அளவுன்னு விளக்குவாங்க.

கிண்டல் பண்ணாங்க, வாங்கவும் செஞ்சாங்க

இதுக்கு நடுவுல, 2011 செப்டம்பர்ல பெர்லின் கண்காட்சியில சாம்சங் ஒரு போனைக் காட்டுச்சு. கேலக்ஸி நோட். 5.3 இன்ச், கூடவே ஒரு பேனா, அகலம் கிட்டத்தட்ட 83 மில்லிமீட்டர். இதைக் காதுல வெச்சுப் பேசினா எப்படி இருக்கும்னு பலரும் கிண்டல் பண்ணாங்க. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல, ஒரு கோடி நோட் வித்தாச்சுன்னு சாம்சங் அறிவிச்சது.

ஏன் வாங்கினாங்க? ஒரு காரணம் நம்ம பக்கம் இருக்கு. போன்ங்கிறது பேசுற பொருள்ல இருந்து பார்க்கிற பொருளா மாறிட்டிருந்த நேரம் அது. லேப்டாப்போ டேப்லெட்டோ வாங்க முடியாத கோடிக்கணக்கான பேருக்கு போன்தான் ஒரே கம்ப்யூட்டர். அவங்களுக்குப் பெரிய ஸ்கிரீன் ஆடம்பரம் இல்ல, தேவை.

இன்னொரு காரணம் கம்பெனிகள் பக்கம். 4ஜி அப்போதான் வந்துட்டிருந்தது. முதல் தலைமுறை 4ஜி சிப்கள் பேட்டரியைக் குடிச்சுத் தீர்க்கும். அந்த சிப்களைப் போட்டா போன் டிசைன்ல நிறைய விட்டுக்கொடுக்கணும்னு 2011 ஏப்ரல்ல டிம் குக்கே சொன்னார். மத்த கம்பெனிகளுக்கு வழி சுலபமா இருந்தது. ஸ்கிரீன் பெருசானா உடம்பு பெருசாகும், உள்ளே பெரிய பேட்டரி வைக்கலாம். கவனிச்சீங்களா? அளவைத் தீர்மானிக்கிற வேலை கையை விட்டுப் போயிடுச்சு.

கடைசியில ஆப்பிளும் இறங்கி வந்தது. 2014-ல் சாம்சங்கோட நடந்த வழக்குல ஆப்பிளோட உள் ஆவணம் ஒண்ணு வெளியே வந்தது. 2013-ல் தயாரான ஸ்லைடு. மார்க்கெட் வளர்ச்சி எல்லாம் பெரிய ஸ்கிரீன் போன்லயும் விலை குறைஞ்ச போன்லயும் இருக்கு, ரெண்டுமே நம்மகிட்ட இல்லன்னு அவங்களே எழுதி வெச்சிருந்தாங்க. 2014 செப்டம்பர்ல 4.7 இன்ச்ல ஐபோன் 6, 5.5 இன்ச்ல 6 பிளஸ். முதல் மூணு நாள்லயே ஒரு கோடிக்கு மேல வித்தது.

அதுல ஒரு புது வசதியும் வந்தது. ஹோம் பட்டனை அழுத்தாம ரெண்டு தடவை தொட்டா, ஸ்கிரீன்ல மேலே இருக்கிறது பாதி வரைக்கும் கீழே இறங்கி வரும். விரல் எட்டலையா, ஸ்கிரீன் உங்ககிட்ட வரும்! சாஃப்ட்வேர் எழுதுறவனா எனக்கு இது நல்லாப் புரியுது. ஹார்ட்வேர்ல விழுந்த ஓட்டைக்கு எங்களைக் கூப்பிட்டு பஞ்சர் ஒட்டச் சொல்லியிருக்காங்க.

அப்போ யாரோட கை?

2013-ல் ஸ்டீவன் ஹூபர்ங்கிற டிசைனர் ஒரு வேலை பண்ணார். தெரு, ஏர்போர்ட், பஸ் ஸ்டாப், காபி கடைன்னு போய், மொத்தம் 1,333 தடவை மக்கள் போனை எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பார்த்துக் குறிச்சார். ஸ்கிரீனைத் தொட்டுப் பயன்படுத்தினவங்கள்ல 49 சதவீதம் பேர் ஒத்தைக் கையாலதான் பிடிச்சிருந்தாங்க. ஏன்னா இன்னொரு கைக்கு வேற வேலை இருக்கு. பை, குழந்தை, பஸ் கம்பி.

அதே வருஷம் இஸ்தான்புல்ல கெசி பூங்கா போராட்டம். சமூகவியலாளர் ஜெய்னெப் துஃபெக்சி அங்கே இருந்தாங்க. கண்ணீர்ப்புகை குண்டு வீசுறதைப் படம் எடுக்கணும். ஒத்தைக் கையால போனைப் பிடிச்சு எடுக்க முடியல, அவங்க கைக்கு அந்த போன் பெருசு. நல்ல போன் எல்லாம் ஆம்பளைக் கைக்குத்தான் செய்யறாங்களான்னு கேட்டு அந்த அனுபவத்தை எழுதினாங்க. சராசரியா பெண்களோட கை ஆண்களோடதை விடச் சின்னது. இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்ல. 2018-ல் ஆப்பிள் நாலு இன்ச் ஐபோன் எஸ்இ-யை நிறுத்தினப்போ, பிரிட்டன்ல பெண்கள் சமத்துவக் கட்சி இதே கேள்வியை எழுப்பியது.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 2020-ல் 64.2 மில்லிமீட்டர் அகலத்துல ஐபோன் 12 மினி வந்தது. அடுத்த வருஷம் 13 மினி. 2022-ல் மினி இல்ல, அந்த இடத்துல 6.7 இன்ச் பிளஸ். சின்ன போன் வேணும்னு கேட்ட நாமளும் கடைக்குப் போனா பெருசைத்தான் கை காட்டுறோம். நானும் அதைத்தானே செஞ்சேன்?

மூலைவிட்டம் செய்யும் வேலை

நான் ஏமாந்த இடம் அந்த இன்ச் நம்பர்தான். அது மூலைக்கு மூலை அளவு. ஸ்கூல்ல மூலைவிட்டம்னு படிச்சோமே, அதேதான். பழைய டிவியில படக்குழாய் வட்டமா இருந்தப்போ விட்டத்தை வெச்சு அளவு சொன்னாங்க. குழாய் சதுரமான பிறகும் அந்தப் பழக்கம் மூலைக்கு மூலைன்னு ஒட்டிக்கிச்சு.

2017-ல் வந்த ரெண்டு போனைப் பாருங்க. ஐபோன் 8 பிளஸ் 5.5 இன்ச், ஐபோன் எக்ஸ் 5.8 இன்ச். எது பெருசு? அகலம் பார்த்தா, 5.5 இன்ச் போன் 78.1 மில்லிமீட்டர், 5.8 இன்ச் போன் 70.9 தான். ஸ்கிரீன் பரப்பளவும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 பிளஸ் சுமார் 12.9 சதுர இன்ச். எக்ஸும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வருது. ஒல்லியா, உயரமா ஆக்கினா, பரப்பு கூடாமலே இன்ச் கூடும்.

அதனால போன் வாங்கப் போறவங்க மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, இன்ச்சை விட்டுட்டு அகலம் எத்தனை மில்லிமீட்டர்னு பாருங்க, பிடிக்கு அதுதான் முக்கியம். ரெண்டு, எழுத்து பெருசாத் தெரியணும்னா முதல்ல செட்டிங்ஸ்ல எழுத்து அளவைக் கூட்டிப் பாருங்க. பெரிய போன்ல எழுத்து தானாப் பெருசாகிடாது, பல நேரம் இன்னும் கொஞ்சம் வரிதான் கூடுதலாத் தெரியும். மூணு, யார் பயன்படுத்தப் போறாங்களோ அவங்க கையில கொடுத்துப் பாருங்க. கவர் போட்டா இன்னும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் கூடும், அதையும் சேர்த்துக்கோங்க.

போன ஞாயித்துக்கிழமை நானும் ஹாக்கின்ஸ் வேலையைப் பார்த்தேன். பழைய நோட்டு அட்டையை 64, 71, 78 மில்லிமீட்டர் அகலத்துல மூணா வெட்டி, போன் தடிமனுக்கு ஒட்டி அம்மாகிட்ட கொடுத்தேன். என்னடா விளையாட்டு இதுன்னு திட்டிட்டே, ஒரு கையால ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா வாங்கிப் பார்த்தாங்க. நடுவுல இருந்த 71-ஐக் காதுல வெச்சு, "ஹலோ, சொல்லுங்க, பஸ்லதான் வந்துட்டிருக்கேன்"னு பேசிக் காட்டினாங்க. அந்த அட்டை இப்போ என் பையில இருக்கு. அடுத்து கடைக்குப் போறப்போ அதையும் எடுத்துட்டுப் போறேன், அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன்.

உங்க வீட்லயும் யாராவது போனை ரெண்டு கையால பிடிச்சு ஒரு விரலால தட்டிட்டு இருக்காங்களா? அகலத்தை அளந்து எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.