கடற்கொள்ளை அரசன் என்ற பெயர்

இணுவிலிலிருந்து கடல் தெரியாது. காங்கேசன்துறை வீதியின் இரு மருங்கிலும் தோட்டங்களும் கோயில்களும் நிறைந்த செம்மண் ஊர் அது. ஆயினும் கடலிலே ஆணை செலுத்திய மன்னரின் நினைவு அவ்வூரில் அழியாதிருக்கின்றது. அங்குள்ள பிள்ளையார் கோயில் பரராசசேகரன் என்னும் அரச பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆட்சி தொடங்கிய காலத்தில், பேராயிரமுடையான் என்பவன் இணுவிலிலே குடியிருத்தப்பட்டான் என யாழ்ப்பாண வைபவமாலை கூறும். இவ்வாறு ஊர்களை அமைத்த மரபினரைக் கடற்கொள்ளைக்காரர் என்று சொல்வாரும் உளர். அப்பழி எங்கே பிறந்தது?

1344 ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா மாலைதீவிலிருந்து மாபார் எனப்பட்ட பாண்டிநாட்டுக் கரைக்குப் புறப்பட்டார். காற்றுத் திசை மாறியதால் மரக்கலம் இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. மாலுமிகள் கரை பிடிக்க அஞ்சினர். அது ஆரியச்சக்கரவர்த்தியின் துறை என்றும், அவன் கொடியவன் என்றும், அவனுடைய மரக்கலங்கள் கடலிற் கொள்ளையிடும் என்றும் அவர்கள் கூறினர். பழியின் பிறப்பிடம் இதுவே; மாலுமிகள் அச்சத்திலே சொன்ன சொல்.

அடுத்து நடந்ததையும் அதே நூல் சொல்கின்றது. புத்தளத்திலே அரசன் யாத்திரிகரை அன்போடு வரவேற்றான். பாரசீக மொழி அவனுக்கு விளங்கியது. ஒருநாள் சலாபத்திலிருந்து வந்த முத்துக்களை அவனுடைய ஆட்கள் தரம் பிரித்துக் கொண்டிருந்தனர். இத்தகைய முத்துக்கள் பாரசீகக் குடாவில் உண்டோ என அரசன் வினவினான். அங்குக் கண்டவை இவற்றுக்கு ஈடாகா என்றார் யாத்திரிகர். அரசன் மகிழ்ந்து கையிலிருந்த முத்துக்களை அவருக்கே கொடுத்துவிட்டான். சிவனொளிபாதமலைக்குச் செல்லப் பல்லக்கும் வழித்துணையும் அளித்தான். அவர் திரும்பும்வரை மரக்கலத் தலைவனுக்கு ஒரு தீங்கும் நேராது என உறுதி கூறி, அவனைத் தன் விருந்தினனாக வைத்துக் காத்தான். கொள்ளைக்காரன் என்று பெயர் பெற்றவன் கையில் அகப்பட்ட மரக்கலத்தை ஏன் விட்டான்?

இதனால் அம்மன்னன் குற்றமற்றவன் என்று தீர்த்துவிடலாகாது. மாபார்க் கரையில் அவனுடைய மரக்கலங்கள் நூறு ஒருங்கே வந்ததைத் தாம் கண்டதாகவும் இபன் பதூதா எழுதுகிறார். அத்துறையிலே மதுரைச் சுல்தானின் எட்டு மரக்கலங்கள் ஏமன் நாட்டுக்குப் புறப்படும் நிலையில் நின்றன. சுல்தான் காவலைப் பலப்படுத்தினான். அதன் பின்னர், ஏமனுக்குச் செல்லும் தங்கள் மரக்கலங்களுக்குத் துணையாகவே வந்தோம் என்றனர் இலங்கையர். அவர்கள் காவலுக்கு வந்தார்களா, கவர வந்தார்களா? சமயம் வாய்த்திருந்தால் இரண்டாவதே நடந்திருக்கும் என்பது இபன் பதூதாவின் எண்ணம். ஆனால் அவர் அந்தச் சுல்தானுக்கு மணவுறவினர் என்பதையும் மறத்தலாகாது. முத்தையும் கறுவாவையும் ஏமன்வரை அனுப்பிய அரசனுக்கு ஆயுதந்தாங்கிய மரக்கலங்கள் வேண்டியிருந்தன. போட்டியிடும் வணிகனின் கண்ணுக்கு அவை கொள்ளைப்படையாகவே தோன்றும்.

மற்றொரு வழக்கமும் இப்பழிக்கு வலுவூட்டியது. புயலில் உடைந்து கரையொதுங்கிய மரக்கலத்தின் பொருள் அக்கரையை ஆளும் அரசனுக்கு உரியது என்பது அக்கால வழமை. 1244 இல் காகதீய மன்னன் கணபதிதேவன் ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியிலே ஒரு சாசனம் பொறித்தான். முன்னைய அரசர் இவ்வாறு ஒதுங்கிய யானை, குதிரை, மணி முதலியவற்றைக் கவர்ந்தனர். தான் சுங்கம் தவிர வேறெதுவும் கொள்வதில்லை என்று அதிலே அறிவித்தான். கைவிட்டதைக் கல்லில் எழுதவேண்டியிருந்ததென்றால், அவ்வழமை எத்துணைப் பரவலாயிருந்திருக்க வேண்டும்! 16 ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் அதையே செய்தபோது போர்த்துக்கேயர் அவனைக் கொள்ளைக்காரன் என்றனர். அவர்களோ தங்கள் அனுமதிச்சீட்டு இல்லாத மரக்கலங்களை நடுக்கடலிலே கைப்பற்றி வந்தவர்கள்.

இபன் பதூதா மெய்யான கொள்ளைக்காரரைக் காணாமற் போகவில்லை. பின்னர் அவர் கொல்லத்திலிருந்து கன்னடக் கரைவழியே வடக்கு நோக்கிச் சென்றார். ஹொன்னாவருக்கு அண்மையிலிருந்த சிறு தீவொன்றின் அருகே பன்னிரண்டு போர்க்கலங்கள் அவரைச் சூழ்ந்தன. ஆரியச்சக்கரவர்த்தி அளித்த மணிகளும் மாணிக்கங்களும், பெரியோர் கொடுத்த ஆடைகளும் உணவும் பறிபோயின. உடுத்திருந்த காற்சட்டை ஒன்றே எஞ்சியது. அந்தக் கோலத்திலே அவர் கள்ளிக்கோட்டைக்குத் திரும்பி ஒரு பள்ளிவாசலிற் புகுந்தார். அங்குள்ள மார்க்க அறிஞர் ஒருவர் உடை அனுப்பினார், காதியார் தலைப்பாகை அனுப்பினார்.