படுவான்கரை நெல்லும் பொலன்னறுவை லொறியும்

மட்டக்களப்பிலிருந்து கண்டிச் சீமைக்குச் சரக்கு ஏற்றிப்போனது தவளம், அதாவது பொதிமாட்டு வரிசை. உப்பும் கருவாடும் மலைக்கு ஏறும், பாக்கு இறங்கும். அப்போது கரை ஒல்லாந்தர் கையில், மலை கண்டி அரசன் கையில். எல்லை தாண்டிப் பிழைக்கும் அந்தத் தொழிலில் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்களே இருந்தார்கள். 1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் விழுந்தது. பிறகு வண்டி ரோட்டு வந்தது. பொதிமாடு மெல்ல ஒழிந்தது. 1928இல் ரயில் வந்து தூரத்துச் சரக்கை எடுத்துக்கொள்ள, மாட்டுக்கரத்தைக்காரருக்கு மிஞ்சியது வயலுக்கும் ஸ்டேஷனுக்கும் இடைப்பட்ட துண்டுதான்.

என் அம்மப்பா பிழைத்தது அந்தத் துண்டில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, நெல் விளையும் பக்கம். கிழக்கே எழுவான்கரை, சந்தையும் பெரிய ரோட்டும் உள்ள பக்கம். கல்லடிக்கு 1924இலேயே பாலம் கிடைத்தது. மண்முனைத் துறைக்குப் பாதைதான். இரண்டு தோணிகளைப் பிணைத்து மேலே பலகை பரப்பினால் அது பாதை. மாட்டை அவிழ்த்துவிட்டுக் கரத்தையைத் தள்ளி ஏற்றுவார்கள். சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார்கள். ஒரு பக்கம் பாரம் கூடினால் பலகை சாயும். மூட்டை தூக்கும் நாட்டாமைக்கு அது கண்பார்வையிலேயே பிடிபடும். "ரெண்டு மூட்டைய இஞ்சால மாத்து மனே" என்பார்.

போர்க்காலத்தில் வாவியே எல்லையாயிற்று. 2007 வரை படுவான்கரை புலிகளிடம், எழுவான்கரை படையினரிடம். சோதனைச் சாவடியில் மூட்டைகளை இறக்கிக் காட்டித் திரும்ப ஏற்றவேண்டும். சொல்லக் கூசுகிறது, அந்தக் கூலியிலும் சில வீடுகளில் உலை கொதித்தது.

2014 ஏப்ரலில், ஜப்பான் உதவியோடு கட்டிய 210 மீற்றர் மண்முனைப் பாலம் திறந்தது. இப்போது அறுவடை இயந்திரம் கொட்டும் ஈரநெல்லை வயலடியிலேயே லொறி ஏற்றிக்கொள்கிறது. நிறைய நெல் பொலன்னறுவைப் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. பல லொறிகள் அங்கிருந்தே வருகின்றன. சாரதியும் நாட்டாமையும் ஆலைக்காரருடைய ஆட்கள். அரிசியாகி, பையில் அச்சடித்த பெயரோடு திரும்பி வந்தால் நாங்கள் கடையில் வாங்கிச் சமைக்கிறோம்.

பாதைக்காக ஒப்பாரி வைக்கும் ஆள் நானில்லை. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பால வேலை முடியாமல் மாற்றாக ஓடிய பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் செத்தார்கள். பிள்ளைத்தாச்சியை வைத்துக்கொண்டு, அக்கரையில் நிற்கும் பாதைக்கு இரவில் கூக்காட்டிய குடும்பங்களைக் கேட்டால் பாலத்தின் அருமை சொல்வார்கள். என் குறை வேறு. பாலத்துக்கு முன்பே போதிய உலர்த்தும் தளமும் ஆலையும் படுவான்கரைக்கு வந்திருக்க வேண்டும். காய்ந்த நெல் கையிலிருந்தால் வெள்ளாமைக்காரன் விலைக்குப் பொறுத்திருப்பான். இங்கேயே அவித்துக் குற்றினால் தவிடும் உமியும் ஏற்றுகூலியும் இங்கேயே நிற்கும்.

அடுத்த துறைக்குப் பாலம் கேட்டு மனு எழுதப் போகிறவர்கள், அதே மனுவில் நெல் காயவைக்க ஒரு தளத்தையும் சேர்த்து எழுதுங்கள்.